கடிகாரம் வாங்கும் முன்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நடக்க வரும் நம் தமிழர் குழுவில் இந்த ஞாயிறு கேட்கப்பட்டவை இவை. நான் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்த்தவன். மருந்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

அப்பாவுக்கு 68 வயது. ஈசிஜி எடுக்கும் கடிகாரம் வாங்கித் தரலாமா? மாரடைப்பைக் காட்டிக்கொடுக்குமாமே. (எலக்ட்ரானிக் சிட்டி)

காட்டிக்கொடுக்காது, தம்பி. ஆஸ்பத்திரி ஈசிஜி இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறது. கடிகாரம் ஒரே கோணத்தில் பார்க்கிறது. துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை அது பிடிக்கலாம். பக்கவாதத்துக்கு வழிவிடும் கோளாறு அது என்பதால், அந்த அளவில் பயன்தான். ஆனால் நெஞ்சு வலிக்கும்போது கடிகாரம் ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லி அப்பா படுத்துவிட்டால்? வலித்தால் 108, அவ்வளவுதான். முதலில் மேல்கையில் சுற்றும் பி.பி. கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். விலையும் மிகக் குறைவு.

அந்தக் கருவி என்னிடம் இருக்கிறது ஐயா. ஒருமுறை 152, அடுத்தமுறை 134. பழுதா? (ஸ்ரீராமபுரம்)

காபி குடித்த கையோடு, மகனைத் திட்டிக்கொண்டே பார்த்தீர்களா அம்மா? அப்படியென்றால் கருவி பொய் சொல்லவில்லை. காபிக்குப் பிறகு அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு கூட்டித்தான் காட்டும். இப்படி ஒரு வாரம் பார்த்தும் சராசரி 135/85க்கு மேல் நின்றால் நோட்டுப்புத்தகத்தோடு டாக்டரிடம் போங்கள். பழுது என்று என்னிடம் வந்த கருவிகளில் பல, பேட்டரி மாற்றியதும் ஒழுங்காக வேலை செய்தன.

தினமும் பத்தாயிரம் காலடி நடந்தே ஆகவேண்டுமா? (மர்ஃபி டவுன்)

தேவையில்லை. அது 1965இல் ஜப்பானில் ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியிலிருந்து வந்த கணக்கு. இன்று மூவாயிரம் என்றால் அடுத்த மாதம் நாலாயிரம் நடங்கள்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.9. கையில் ஒட்டும் சென்சார் வாங்கவா? (ஒயிட்ஃபீல்டு)

5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. இன்னும் உள்ளே போகவில்லை, திரும்பலாம். சென்சார் சர்க்கரையை ரத்தத்தில் அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள நீரில் அளக்கிறது. அதனால் சில நிமிடம் பின்தங்கும். தர்ஷினியில் நின்றபடி தின்ற மசால் தோசை எவ்வளவு ஏற்றியது, ராகி முத்தே (கேழ்வரகுக் களி உருண்டை) எவ்வளவு என்று பார்க்க ஒருமுறை ஒட்டலாம். மாதாமாதம் ஒட்டுவது வீண்செலவு என்பது என் கருத்து.

இன்னொன்று சொல்கிறேன். தென்னிந்தியாவில் இதே வாசற்படியில் நின்ற 537 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2013இல் வெளியானது. ஒரு பாதிக்கு உணவு, நடை பற்றி அடிக்கடி எஸ்.எம்.எஸ். போனது. இரண்டு ஆண்டில் அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். பொத்தான் போனில் வரும் சாதாரணச் செய்திதான்! உங்கள் மனைவியிடம் சொல்லி, மாலை ஆறரைக்கு ‘நடக்கப் போனீர்களா?’ என்று அனுப்பச் சொல்லுங்கள்.

ஆபா எண் எடுத்தால் என் விவரமெல்லாம் எல்லோருக்கும் போய்விடுமா? (ஃப்ரேசர் டவுன்)

ஆபா என்பது நம் மருத்துவப் பதிவுகளை இணைக்க அரசு தரும் 14 இலக்க எண். அது கட்டாயமில்லை. எடுத்தாலும், பதிவுகளைப் பார்க்க நீங்கள் சம்மதம் தரவேண்டும். ஆனால் சம்மதம் கேட்டு வரும் திரையைப் படிக்காமல் ‘சரி’ அழுத்துகிறவர் நம்மில் எத்தனை பேர்? எனக்குப் பயம் அங்கேதான். ஊர் மாறி வேலை செய்கிறவர்களுக்குப் பழைய பரிசோதனை முடிவுகள் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய வசதி, நான் எடுத்திருக்கிறேன்.