கேடயத்தில் என்ன எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டாலஸ் பக்கத்தில் ஒரு நீதிமன்றத்துக்கு, கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்காகப் பேசும் ‘காசா’ (CASA) தன்னார்வலராக ஏழு வருஷமாகப் போய்வருகிறேன் என்று. வழக்கமாக வரும் மருமகள், முழங்கால் வலி, புளித்துப்போகாத இட்லி மாவு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இந்த மாதக் கடிதங்கள் அதைப் பற்றியே வந்திருக்கின்றன. சரி, அதையே பேசுவோம்.

நீங்கள் வக்கீலா அம்மா? வக்கீல் இல்லாத ஒருவர் குழந்தைக்காகக் கோர்ட்டில் எப்படிப் பேச முடியும்?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

வக்கீல் இல்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதித்தவள். ‘கோர்ட் அப்பாயின்டட் ஸ்பெஷல் அட்வகேட்’, அதாவது பிள்ளைக்காகப் பேச நீதிமன்றமே நியமிக்கும் ஆள், என்பதன் சுருக்கம்தான் காசா. சில மாநிலங்களில் ‘கார்டியன் ஆட் லைட்டம்’ என்பார்கள்.

அடி உதை என்றோ, கவனிப்பாரில்லாமல் கிடந்தது என்றோ அரசு ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் வழக்கு நீதிபதியிடம் போகும். எங்கள் டெக்சஸில் அங்கே பிள்ளைக்கும் ஒரு வக்கீல் உண்டு. ஆனால் அவர் கையில் கட்டுக்கட்டாக வழக்குகள். பிள்ளையின் பொறுப்பைக் கவனிக்கும் ஊழியரான கேஸ்வொர்க்கர் கையிலும் அப்படித்தான். என் கையில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மாதம் ஒரு தடவையாவது பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும். டீச்சர், டாக்டர், வளர்ப்பு வீட்டார், பெற்றவர்கள், பாட்டி என்று எல்லோரிடமும் பேசி, பார்த்ததை அறிக்கையாக எழுதி நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். 21 வயது முடிந்திருந்தால் போதும். பின்னணி விசாரணை, நேர்முகம், 30 மணி நேரப் பயிற்சி, கடைசியில் நீதிபதி முன்னால் சத்தியப் பிரமாணம். கை தூக்கி நின்றபோது எனக்குக் கால் நடுங்கியது. குடியுரிமை வாங்கியபோதுகூட அவ்வளவு நடுங்கவில்லை.

இதைத் தொடங்கியவர் சியாட்டிலில் டேவிட் சூகப் என்ற நீதிபதி. ஒரு பிள்ளையின் தலைவிதியை முடிவு செய்யப் போதுமான விவரம் தன் மேஜைக்கு வருவதில்லை என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டோடு வாருங்கள், பேசலாம் என்று ஊரில் சிலரைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்த இடத்தில் ஐம்பது பேர் வந்து நின்றார்கள். 1977-ல் வேலை தொடங்கியது. முதல் வருஷமே 110 தன்னார்வலர்கள், 498 குழந்தைகள்.

விவரம் என்றால் என்ன விவரம் என்று கேட்பீர்கள். நான் பார்த்த ஒரு பையனைச் சொல்கிறேன். வழக்கு முடிந்து பல காலம் ஆயிற்று, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஏழு மாதத்தில் அவன் மூன்று வளர்ப்பு வீடு மாறியிருந்தான். பள்ளியில் ‘பாடத்தில் பின்தங்கியவன், கவனம் இல்லாதவன்’ என்று எழுதி, தனி வகுப்புக்கு அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முந்தின வருஷத்து ஆண்டுப் புத்தகத்தை டீச்சர் எனக்குக் காட்டினார். அதில் அவன் மூக்கில் நீலச் சட்டமிட்ட கண்ணாடி. இப்போது எங்கே கண்ணாடி? முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்குப் போனபோது துணிமணிகளைக் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி அந்த வீட்டு ஜன்னல் திட்டிலேயே நின்றுவிட்டது. அவன் கேட்கவில்லை. கேட்டால் திட்டுவார்கள் என்று நினைத்தானாம். அதற்குள் கேஸ்வொர்க்கர் இரண்டு பேர் மாறிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவன் கண்ணாடி போடாத பையன், அவ்வளவுதான்.

அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். நீதிபதி அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு, “எத்தனை நாளில் வாங்கித் தருவீர்கள்?” என்று கேட்டார். பத்து நாள் என்று பதில் வந்தது. பத்தாவது நாள் கண்ணாடி வந்துவிட்டது. அடுத்த விசாரணைக்கு அவனும் வந்திருந்தான். கூப்பிடும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த வெண்டிங் மெஷினில் ஒவ்வொரு சிப்ஸ் பொட்டலத்தின் பெயரையும் விலையையும் உரக்கப் படித்தான். மேல் வரிசை முடிந்து கீழ் வரிசை. அங்கே முடிந்ததும் சுவரில் இருந்த தீயணைப்பு அறிவிப்பு. வாயை மூடு என்று நான் சொல்லவில்லை.

சித்திரைத் திருவிழா மேடையில் எங்கள் சங்கத்தைச் சேர்ந்த மூன்று காசா பெண்மணிகளைப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்துக் கௌரவிக்க நினைக்கிறோம். ஒவ்வொருவரும் மனதைத் தொட்ட ஒரு சம்பவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும். மைக்கில் எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?
– தமிழ்ச் சங்கச் செயலாளர், டெக்சஸ்

முதலில், செய்யுங்கள். நல்ல காரியம். ஏப்ரல் மாதத்தைத்தான் அமெரிக்காவில் குழந்தைக் கொடுமைத் தடுப்பு மாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். நீதிமன்ற வாசலில் புல்வெளி முழுக்க நீலக் காற்றாடி குத்தியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சித்திரைத் திருநாளும் அதே மாதத்தில் வருவது வசதிதான்.

ஆனால் அந்தச் ‘சம்பவம்’ வேண்டவே வேண்டாம். நாங்கள் பார்ப்பதும் படிப்பதும் ரகசியக் கோப்பு. நானூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் “ஆறு வயதுப் பெண் குழந்தை, அப்பா இன்ன வேலை” என்று ஆரம்பித்தாலே போதும். மூன்றாவது வரிசையில் அந்தக் குழந்தையின் டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரரோ இருக்கலாம். வடை தின்னும் நேரத்துக்குள் யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஆட்கள் துப்பறிவதில் லேசுப்பட்டவர்களா? ‘நீங்கள் மட்டும் கண்ணாடிக் கதை எழுதலாமா’ என்று மடக்காதீர்கள். காசா அலுவலகத்தில் என் சூப்பர்வைசரிடம் முதலில் காட்டி, அவர் அடித்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

இன்னொன்று. மேடையில் அழுதுகொண்டே சொல்லும் கதைக்குத்தான் கைதட்டல் பலமாக விழும். அந்தக் கதை அந்தப் பிள்ளையுடையது. நாளைக்கு வளர்ந்து, வேண்டுமானால் அதுவே சொல்லட்டும்.

மைக்கில் என்ன பேசச் சொல்லலாம்? வேலையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எத்தனை மைல் ஓட்டுகிறார்கள், எத்தனை மணிக்கு அறிக்கை தட்டச்சு செய்கிறார்கள், எப்படிச் சேர்வது. பெட்ரோலுக்கு யாராவது பணம் கொடுக்கிறார்களா என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். வருமான வரியில் தொண்டுக்காக ஓட்டிய வண்டிக்கு மைலுக்கு 14 சென்ட் கழித்துக்கொள்ளலாம். அதுவும் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கணக்குக் கொடுப்பவர்களுக்கு. 1998-லிருந்து அதே 14 சென்ட். என் கணவர் அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டார்.

பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடிந்தால், நல்ல சக்கரப் பெட்டிகளாக வாங்கி உங்கள் ஊர்க் காசா அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். குப்பைப் பையைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? அப்புறம், சங்கத்தில் பாதிப் பேர் பெரிய கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். ஊழியர் தொண்டு செய்த மணி நேரத்துக்கு இவ்வளவு என்று தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும் கம்பெனிகள் நிறைய. படிவம் நிரப்பினால் போதும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. விழா வாசலில் ஒரு மேஜை போட்டு, அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்டுங்கள்.

என் மனைவி இரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறாள். சில நாள் திரும்பி வந்து காரிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். என்ன என்று கேட்டால் “ஒன்றும் இல்லை” என்கிறாள். அவளை ஊரே பாராட்டுகிறது, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தம்பி, அவள் உங்களிடம் மறைக்கவில்லை. சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறாள். புருஷனுக்கு மட்டும் விலக்கு என்று அந்தத் தாளில் எழுதவில்லை.

“என்ன ஆச்சு, யார், எங்கே” என்று கேட்காமல் “சாப்பிட்டாயா” என்று கேளுங்கள். என் கணவர் முதல் வருஷம் முழுக்கக் கேள்வி கேட்டுக் கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டாம் வருஷம் ஒரு நாள் வந்து பார்க்கிறேன், மிளகு ரசம் கொதிக்கிறது. உப்பு கூட. ஒன்றும் பேசாமல் இரண்டு தம்ளர் குடித்தேன். அன்றிலிருந்து விசாரணை நாள் என்றால் ரசம் அவர் பொறுப்பு. உப்பு இன்னும் கூடத்தான் இருக்கிறது. காரில் உட்காருவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நானும் உட்காருவேன். ஆனால் தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் இழுத்தால், சூப்பர்வைசரிடம் மனம்விட்டுப் பேசச் சொல்லுங்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லலாம்.

நாலு பேர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைத்து, பெற்றவர்களிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பவர்களுக்குப் பாராட்டு விழா ஒரு கேடா?
– வாசகர், கலிஃபோர்னியா

கோபம் புரிகிறது. நம் வீடுகளில் இந்தப் பயம் எப்போதும் உண்டு. பிள்ளையை அதட்டினால்கூடப் பக்கத்து வீட்டுக்காரன் போன் செய்துவிடுவானோ என்று.

ஆனால் பிரிப்பது நாங்கள் இல்லை. நாங்கள் உள்ளே வரும்போது பிள்ளை ஏற்கெனவே வெளியே எடுக்கப்பட்டிருக்கும். பத்திரமாகத் திருப்பி அனுப்ப முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. டெக்சஸில் ஒரு வருஷத்துக்குள் இறுதி விசாரணை தொடங்கிவிட வேண்டும் என்பது சட்டம். நீதிபதி நீட்டித்தால் இன்னும் ஆறு மாதம். இந்த வழக்குகளில் பெரும்பாலானவை அடி உதை அல்ல, கவனிக்காமல் விட்டது. அதிலும் எது கொடுமை, எது வெறும் வறுமை என்று பார்க்கக் கண் வேண்டும். கரண்ட் பில் கட்டாத வீடும் பிள்ளையைப் பட்டினி போட்ட வீடும் ஒன்றல்ல.

போதைப் பழக்கத்தால் இரண்டு பிள்ளைகளையும் அரசு எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாயின் வழக்கு எனக்கு வந்தது. முதல் நாள் அவளைப் பார்த்தபோது எனக்கும் உங்களைப் போலக் கோபம்தான், ஆனால் அவள்மேல். அப்புறம் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளைப் பார்க்க அவளுக்குக் கொடுத்த நாள்கள் முப்பது. வந்தவை இருபத்தெட்டு. விட்டுப்போன இரண்டில் ஒன்று பஸ் வராததால். இரண்டு பஸ் மாறி, ஒவ்வொரு தடவையும் சின்னவனுக்குப் பிடித்த ஆரஞ்சை உரித்து டப்பாவில் கொண்டுவந்தாள். அந்த எண்களையும் ஆரஞ்சையும் அப்படியே அறிக்கையில் எழுதி, பிள்ளைகளைத் திருப்பி அனுப்பலாம் என்று பரிந்துரைத்தேன். அனுப்பினார்கள். பாராட்டு விழா எடுப்பதென்றால் அவளுக்கும் ஒரு நாற்காலி போடலாம்.

இந்தியாவில் இப்படி யாராவது உண்டா? நான் மதுரையில் ஓய்வு பெற்ற ஆசிரியை. நேரம் இருக்கிறது.
– வாசகி, மதுரை

அச்சாக இதே மாதிரி இல்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒன்று இருக்கிறது. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்துக்கு 2020-ல் வந்த புதிய விதிகளின்படி, பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்குக் குழந்தைகள் நலக் குழு ஓர் ‘ஆதரவு நபரை’ நியமிக்கலாம். புகாரிலிருந்து வழக்கு முடியும்வரை பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் பக்கத்தில் இருப்பவர் அவர். அடுத்து என்ன நடக்கும், எந்த நாள் கோர்ட்டுக்குப் போக வேண்டும், நிவாரணம் எப்படிக் கேட்பது எல்லாம் சொல்வார். எங்களைப்போல நீதிபதிக்குப் பரிந்துரை எழுதும் வேலை இல்லை, கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை. 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்த ஆதரவு நபர்களைப் பற்றித் தனியாகவே உத்தரவு போட்டது.

உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய், ஆதரவு நபராக முடியுமா, என்ன தகுதி கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரே தடவையில் பதில் கிடைக்காவிட்டால் மறுபடி போங்கள். ஆசிரியையாக இருந்தவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரிந்தால், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

கேடயத்தில் என்ன வாசகம் போடலாம்? ‘குழந்தைகளின் தெய்வம்’, ‘கருணைக் கடல்’ இரண்டும் யோசித்து வைத்திருக்கிறோம்.
– அதே செயலாளர், இரண்டாவது கடிதம்

இரண்டும் வேண்டாம். தெய்வம் என்று போட்டால், பார்ப்பவர்கள் ‘நம்மால் முடியாதப்பா’ என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பெயர், எத்தனை வருஷம், ‘நீதிமன்றத் தன்னார்வலர்’. போதும். அச்சுக்குப் போகும் முன் யாராவது தமிழ் தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். எனக்கு ஓர் இடத்தில் கொடுத்த கேடயத்தில் ‘தன்னார்வளர்’ என்று அடித்திருந்தார்கள். நல்ல கனம். காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.