“யாரிடமாவது காட்டினீர்களா?” – காப்புரிமை கேள்வி பதில்

கேள்வி: மூட்டுவலி உள்ளவர்கள் ஒரே கையால் திறக்கும்படி மருந்து டப்பா மூடி ஒன்றை உருவாக்கினேன். நான்கு மாதங்களுக்கு முன் அது திறப்பதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டேன். இனிமேல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியுமா?

பதில்: எந்த நாட்டில் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றிலும் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் 12 மாத அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படி இல்லை. அங்கே விலக்கு 6 மாதம்தான். அதுவும் உங்களை ஏமாற்றி வேறொருவர் வெளியிட்டிருந்தாலோ, அங்கீகரிக்கப்பட்ட சில சர்வதேசக் கண்காட்சிகளில் காட்டியிருந்தாலோ மட்டும். நீங்களே போட்ட வீடியோ அதில் சேராது. இப்போது நீக்கினாலும் வெளியானது வெளியானதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூடிக்குள் இருக்கும் அமைப்பு அந்த வீடியோவில் தெரிகிறதா? வெளித்தோற்றம் மட்டும் தெரிந்து, உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு பொறியாளரால் ஊகிக்க முடியாது என்றால், உள்ளமைப்புக்கு இன்னும் வழி இருக்கிறது. டப்பாவை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ செய்யாமல், முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

விண்ணப்பங்கள் எழுதித் தரும் இந்த வேலைக்கு நான் வந்த புதிதில், செயற்கைக் காலின் முழங்கால் பூட்டுக்காக ஓர் இளைஞர் வந்தார். அருமையான வேலைப்பாடு. உட்கார்ந்து எழுதி முடித்து, கையெழுத்து வாங்கும் நேரத்தில்தான், “போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாநாட்டில் இதன் வரைபடத்தைப் போஸ்டராக வைத்திருந்தேன்” என்றார். அந்த முழங்காலை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அன்றிலிருந்து, வருகிறவரிடம் கருவி என்ன என்று கேட்பதற்கு முன்பே, யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் புதிய வெப்பக் கடத்தித் தகட்டின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பெற்றோம். கண்டுபிடிப்பாளர் என்று யார் பெயரைப் போடுவது?

பதில்: இயந்திரத்தின் பெயரைப் போடாதீர்கள். ஸ்டீபன் தேலர் என்ற அமெரிக்கர் தான் உருவாக்கிய டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிப் பல நாடுகளில் விண்ணப்பித்தார். ஓர் உணவுப் பாத்திரம், கவனத்தை ஈர்க்கும் ஒரு மினுக்கு விளக்கு, இரண்டும் டாபஸ் தானாகச் செய்தவை என்றார். 2021-ல் தென்னாப்பிரிக்கா காப்புரிமை கொடுத்தது. அங்கே விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தை ஆழமாக ஆய்வு செய்வதில்லை. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-லும், பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரிலும் மறுத்தன: கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, செயற்கை நுண்ணறிவைத் தொட்டாலே உரிமை போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. தேலர் தனக்கு அதில் பங்கே இல்லை என்று வாதிட்டார். அதைக் கருவியாகப் பயன்படுத்தித் தானே கண்டுபிடித்ததாக அவர் சொல்லியிருந்தால் விஷயம் வேறாக இருந்திருக்கலாம் என்பதை பிரிட்டன் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

ஆகவே உங்கள் பங்கு எது என்பதுதான் கேள்வி. சூடு எந்த இடத்தில் தேங்குகிறது என்று கண்டு கேள்வியை அமைத்தவர் யார்? வந்த வடிவங்களில் எதை, ஏன் ஒதுக்கினீர்கள்? தகட்டைச் செய்து பார்த்தபோது எதை மாற்றினீர்கள்? இவற்றைத் தேதியோடு எழுதி வையுங்கள். கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் அழிக்காதீர்கள். “தகடு வேண்டும் என்றோம், அது கொடுத்தது” என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்றால், யார் பெயரையும் நேர்மையாகப் போட முடியாது. இன்னொன்று: நீங்கள் பயன்படுத்தும் சேவை, உள்ளிடுவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறதா என்று அதன் விதிகளைப் படித்துவிட்டு அப்புறம் ரகசியத்தை உள்ளே போடுங்கள்.

என் கவலை பெயரைப் பற்றியது அல்ல. அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை கிடையாது என்பது அடிப்படை விதி. நாளைக்கு அந்த ஒருவர் கையிலும் இதே கருவி இருக்கும். அப்போது எது எளிதில் தோன்றக்கூடியது? சிறு ஆய்வகங்கள் மாதக்கணக்கில் உழைத்துச் செய்யும் சின்னச் சின்ன முன்னேற்றங்கள்தான் முதலில் அடிபடும் என்று அஞ்சுகிறேன். இந்த அளவுகோலைச் சட்டம் சீக்கிரம் தெளிவாக்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. ஆனால் பொருளைத் தயாரித்தால் வேறொருவரின் காப்புரிமையை மீறியதாகும் என்கிறார்கள். இது எப்படி?

பதில்: காப்புரிமை என்பது மற்றவர்களைத் தடுக்கும் உரிமை. நீங்கள் தயாரிக்க அது அனுமதி ஆகாது. நீராவி இயந்திரத்தை மேம்படுத்தி 1769-ல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் வாட்டுக்கே இது நேர்ந்தது. மேலும் கீழும் போகும் தண்டைச் சக்கரச் சுழற்சியாக மாற்ற ‘கிராங்க்’ என்ற வளைந்த கைத்தண்டு போதும். ஆனால் அதை நீராவி இயந்திரத்தில் பொருத்தும் உரிமையை ஜேம்ஸ் பிக்கார்ட் 1780-லேயே வாங்கியிருந்தார். வாட் 1781-ல், ஒரு பற்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் ‘சூரியன்-கோள்’ அமைப்புக்கு உரிமை வாங்கிச் சமாளித்தார்.

உங்களுக்கும் வழிகள் உண்டு: சுற்றி வேறு வழி கண்டுபிடிப்பது, உரிமம் கேட்பது, அல்லது அந்த வேறொருவரின் காப்புரிமைக் காலம் முடியும்வரை காத்திருப்பது. முதலில் அந்தக் காப்புரிமை நீங்கள் விற்கப்போகும் நாட்டில் இருக்கிறதா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் அதன் கடைசிப் பகுதியில் எண்ணிட்டிருக்கும் உரிமைக்கோரல்களை வரிவரியாக உங்கள் பொருளோடு ஒப்பிடுங்கள். தலைப்பையும் படத்தையும் பார்த்துப் பயந்து தொழிலை நிறுத்திவிட வேண்டாம்.