மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் டிரமடால் ஒத்துக்கலைன்னா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, மூட்டு மாத்துற ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். வலிக்குக் குடுத்த டிரமடால் 50 மி.கி. போட்டா ஒரே வாந்தி, தலைசுத்தல். தெரிஞ்சவங்க டாபென்டடால்னு இன்னொரு வலி மாத்திரை நல்லதுன்றாங்க, சிலர் தோல்ல ஒட்டுற வலிமருந்து பேட்ச் ஒட்டச் சொல்றாங்க. எது பெஸ்ட்? அப்புறம் அம்மா எஸ்சிட்டலோபிராமும் (மனச்சோர்வு, பதட்டத்துக்கான மாத்திரை) சாப்பிடுறாங்க.

பதில்: கடைசியில போறபோக்குல சொன்னீங்க பாருங்க, முதல்ல பாக்க வேண்டியதே அதான். டிரமடால் வெறும் ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிமருந்து) இல்ல, மூளையில செரட்டோனின்ங்கிற ரசாயனத்தையும் ஏத்தும், எஸ்சிட்டலோபிராமும் அதே வேலைதான் பண்ணுது, ரெண்டும் சேந்தா சிலருக்கு கைநடுக்கம், வேர்த்துக் கொட்றது, ஜுரம், படபடப்பு, ஃபிட்ஸ் வரைக்கும் போகலாம். அப்படி எது தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரி. இல்லைன்னாலும் இன்னைக்கே சர்ஜனுக்கு போன் போட்டு சொல்லிடுங்க, எஸ்சிட்டலோபிராமை நீங்களா நிறுத்தாதீங்க.

டிரமடாலை கல்லீரல்ல ஒரு என்சைம் மாத்தினாத்தான் வலிக்கு நல்லா கேக்கும், சிலருக்கு அந்த என்சைம் பொறப்புலேயே மந்தம், அவங்களுக்கு வலி குறையாது, வாந்திதான் மிச்சம். டாபென்டடாலுக்கு இந்த வேலையே இல்ல, நேரா கேக்கும், செரட்டோனின் தொந்தரவும் ரொம்ப கம்மி (சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன்). உங்க அம்மாவுக்கு நான் இதைப் பத்திதான் டாக்டர்கிட்ட கேக்கச் சொல்வேன். ஆனா 50க்கு 50னு நீங்களே மாத்திக்காதீங்க, மில்லிகிராம் கணக்குல டாபென்டடால் வீரியம் ஜாஸ்தி.

ஃபென்டனைல் பேட்ச் இந்த வலிக்கு வேண்டவே வேண்டாம். ஓபியாய்டு பழகாத உடம்புல மூச்சே அடங்கிடலாம், பிரிச்செடுத்தாலும் மருந்து மணிக்கணக்கா உள்ள இருக்கும். ஏழு நாள் ஒட்டுற பியூப்ரெனார்ஃபின் பேட்சை சில சர்ஜன்கள் குடுக்குறாங்க, ஆனா அது மெதுவாத்தான் ஏறும், வலிக்கு ஏத்த மாதிரி சட்டுனு கூட்டக் குறைக்க முடியாது. எந்த பேட்ச்சா இருந்தாலும் அது மேல சுடுதண்ணி ஒத்தடம் வெச்சிடாதீங்க, மருந்து கூடுதலா இறங்கிடும். மார்ஃபின் வீட்டுக்குத் தேவைப்படாது, கிட்னி வீக்கா இருந்தா அதோட கழிவு உடம்புலேயே தேங்கும்.

எதைக் குடுத்தாலும் அடிப்படை பாரசிட்டமால்தான், நேரத்துக்குப் போடணும், சிலர் வலி வந்தப்புறம்தான் போடுறாங்க, அது சரியில்ல. டிரமடால் மாத்திரையிலேயே பாரசிட்டமால் 325 கலந்திருந்தா அதையும் கணக்குல சேருங்க, இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் தாண்ட வேண்டாம். ஓபியாய்டை பிசியோதெரபிக்கு முக்கா மணி நேரம் முன்னாடி போட்டா காலை மடக்க முடியும். மலச்சிக்கல் வர்றதுக்கு முன்னாடியே மலமிளக்கி கேட்டு வாங்கிடுங்க. அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரையை ஓபியாய்டோட சேக்கவே கூடாது. சீட்டு இல்லாம மெடிக்கல்ல கேக்காதீங்க, டிரமடால் 2018லயே என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்துக்குள்ள வந்தாச்சு.

வலி நாளுக்கு நாள் ஏறுது, கெண்டைக்கால் வீங்குது, காயத்துல நீர் கசியுதுன்னா மாத்திரைய மாத்திட்டு இருக்காதீங்க, ரத்தக்கட்டி, இன்ஃபெக்ஷன் இருக்கான்னு அன்னைக்கே காட்டிடுங்க.