எந்தக் காமிக்ஸைக் கிரேடிங்குக்கு அனுப்பலாம்?

கேள்வி: என் சித்தப்பா 1980களிலும் 90களிலும் சேர்த்த ஆங்கிலக் காமிக்ஸ் சுமார் 200 சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் இருக்கின்றன. கொஞ்சம் பழைய முத்து காமிக்ஸும் உண்டு. வீடு மாறுவதால் எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்லிவிட்டார். முழுவதையும் கிரேடிங் செய்துவிட்டு விற்றால் நல்ல விலை கிடைக்குமா?

பதில்: முழுவதையும் அனுப்பாதீர்கள். 200இல் ஐந்தாறு தேறினாலே அது நல்ல சேகரிப்பு.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள சிஜிசி நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கிரேடிங் வேலையைச் செய்கிறது. இதழைப் பரிசோதித்து, 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித் தருவார்கள். அதைத்தான் ஸ்லாப் என்கிறோம். கட்டணம், போகவர கூரியர், காப்புறுதி எல்லாம் உங்கள் செலவு. ஐந்து வெள்ளிக்குப் போகும் இதழுக்கும் இந்தச் செலவு உண்டு.

அதனால் முதலில் கணக்குப் போடுங்கள். ஈபேயில் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். ஓர் இதழ் ஸ்லாப் இல்லாமல் 80 வெள்ளிக்கும், 9.4 மதிப்பெண்ணுடன் 190 வெள்ளிக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மொத்தச் செலவு இதழுக்கு 120 வெள்ளி என்றால் பத்து வெள்ளி நட்டம். உங்கள் கண்ணுக்கு 9.6 என்று தோன்றினால் 9.2 விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். சொந்தப் புத்தகத்துக்கு எல்லாரும் மதிப்பெண்ணை அள்ளித்தான் போடுவோம்.

பிரபலமான இதழ் என்பதாலேயே விலை வந்துவிடாது. 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 8 மில்லியன் பிரதிகளுக்கு மேல் அச்சானது. அன்று வாங்கியவர்கள் பத்திரமாகவும் வைத்திருக்கிறார்கள். 9.8 வாங்கும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதை அப்படியே விற்றுவிடுங்கள். அமேசிங் ஸ்பைடர்மேன் 300 (1988) வேறு கதை. ஸ்பைடர்மேனின் எதிரி வெனம் முழுமையாகத் தோன்றும் முதல் இதழ் அது. பெட்டியில் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அட்டையில் பார்கோடு உள்ள நியூஸ்ஸ்டாண்ட் பிரதியா, அதாவது பத்திரிகைக் கடைகளில் விற்ற பிரதியா என்றும் பாருங்கள். கடைத்தட்டில் பலர் புரட்டியவை என்பதால் அந்தப் பிரதிகள் நல்ல நிலையில் கிடைப்பது அரிது.

அப்புறம்தான் நிலைமை. சிங்கப்பூரில் நாம் கவலைப்பட வேண்டியது இதைத்தான். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஏசி இல்லாத ஸ்டோர் ரூமில் முப்பது வருடம் இருந்த பெட்டி என்றால், முதலில் ஸ்டேபிள் பின்களைப் பாருங்கள், அட்டைப் பக்கம் மட்டுமல்ல, நடுப்பக்கத்தைத் திறந்தும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தாளில் இறங்கியிருக்கும். எனக்கு அப்படி ஒரு நல்ல இதழ் போனது, சமையலறைச் சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்ததால். பழுப்புப் புள்ளிகள், பூச்சி அரித்த ஓரம், பூஞ்சை வாடை ஆகியவற்றையும் கவனியுங்கள். பிறகு மேசை விளக்கின் கீழ் இதழைச் சாய்த்துப் பிடித்து, முதுகுப் பகுதியில் பின்களுக்கு அருகே உள்ள சின்னச் சின்னக் கோடுகளை எண்ணுங்கள். மை உடைந்து வெள்ளை தெரிந்தால் அது பிரஸ்ஸிங் (சூடும் அழுத்தமும் கொடுத்து மடிப்பை நீக்குவது) செய்தாலும் போகாது. மை உடையாத மடிப்பும் அலையும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பக்கங்களையும் எண்ணுங்கள். இன்க்ரெடிபிள் ஹல்க் 181 (1974) எக்ஸ்-மென் நாயகன் வோல்வரின் முழுமையாக வரும் முதல் இதழ். அதன் உள்ளே அச்சிட்டிருந்த மார்வெல் ஸ்டாம்ப்பை (வெட்டிச் சேர்க்கும் சின்னப் படம்) பிள்ளைகள் வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஓட்டை இருந்தால் விலை பாதாளத்துக்குப் போகும்.

மதிப்பெண் குறைவாக வந்தாலும் அனுப்ப வேண்டியவை உண்டு. 1960களின் முக்கிய இதழ்கள் கிழிந்திருந்தாலும் அனுப்பலாம். பக்கம் குறையவில்லை, யாரும் வண்ணம் பூசவில்லை என்று வாங்குபவருக்கு அந்த ஸ்லாப்தான் சொல்கிறது. அதனால் நீங்களாக மார்க்கரால் அட்டையைத் தொட்டுவிடாதீர்கள். அது ரெஸ்டோர் செய்த (பழுதுபார்த்த) இதழ் என்று ஊதா லேபிளில் வந்துவிடும், வாங்குபவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

முத்து காமிக்ஸை எங்கும் அனுப்ப வேண்டாம். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய அந்த இதழ்களைத் தேடுபவர்கள் படித்து வளர்ந்தவர்கள், கையில் எடுத்துப் புரட்டத்தான் வாங்குகிறார்கள். ஸ்லாப்பில் மூடினால் அவர்களுக்குப் பயனே இல்லை. பக்கம் விடாமல் தெளிவாகப் படம் எடுத்து, குறைகளைச் சொல்லி நேரடியாக விற்றுவிடுங்கள்.

மீதியைக் கேரோசெல் என்ற இணையச் சந்தையில் தொடர் தொடராகக் கட்டி விற்கலாம், அல்லது பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். தேர்ந்தெடுத்த ஐந்தாறையும் அனுப்பும்வரை புதிய உறையில் அட்டை வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தரையில் படாமல் நிமிர்த்தி வையுங்கள்.