பின்னால் இருந்தவர் ஹெல்மெட் போடவில்லை; வண்டியையே பிடித்து வைக்கலாமா?

கேள்வி: ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறேன், சேலத்தில் வேலை. தம்பியை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது வாகனச் சோதனை. நான் ஹெல்மெட் போட்டிருந்தேன், அவன் போடவில்லை. சாவியைப் பிடுங்கினார்கள், பையைக் கொட்டினார்கள், போனை வாங்கி வாட்ஸ்அப் பார்த்தார்கள். லைசென்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் காட்டினேன். "ஒரிஜினல் கொண்டு வா" என்று வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். ரசீது எதுவும் தரவில்லை. வண்டி சித்தப்பா பேரில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அபராதம் சரிதான். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு பின்னால் உட்காருபவருக்கும் பொருந்தும். 194டி-யின்படி ஆயிரம் ரூபாய். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற பாதையில் தம்பியை வெறுந்தலையோடு கூட்டி வந்ததற்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். இந்தக் குற்றத்துக்கு லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பவும் 206-வது பிரிவு இடம் தருகிறது. ஒப்புகைச் சீட்டு தர வேண்டும்.

வண்டி விஷயம் வேறு. அதைப் பிடித்து வைக்கும் அதிகாரம் 207-வது பிரிவில் இருக்கிறது: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது வராதவர் ஓட்டுவது, பதிவில்லாத வண்டி, பெர்மிட் இல்லாமல் ஓடுவது. ஹெல்மெட் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஆவணம் காட்டுவது உங்கள் கடமை, ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 139 மின்னணு வடிவத்தை ஏற்கிறது. அடுத்தவர் பேரில் உள்ள வண்டியை ஓட்டுவதும் குற்றமல்ல. திருட்டு வண்டியோ என்று சந்தேகம் இருந்தால் பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 106-வது பிரிவின்கீழ் கைப்பற்றலாம்; அப்போது மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போயாக வேண்டும்.

பை, போன்? கஞ்சா போன்ற சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் பொது இடத்தில் சோதிக்கத் தனிச் சட்டம் உண்டு. ஹெல்மெட் வழக்கை வைத்துக்கொண்டு பையைக் கொட்ட முடியாது. வாட்ஸ்அப்பைப் பார்க்கவோ சாவியைப் பிடுங்கவோ மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்காக ரோட்டில் மல்லுக்கு நிற்காதீர்கள். "பணி செய்யவிடாமல் தடுத்தார்" என்று இன்னொரு வழக்கு வந்து சேரும்.

ஆர்.சி. சித்தப்பா பேரில் இருப்பதால் மனுவை அவரே எழுதட்டும். எந்தப் பிரிவில் வண்டி வைக்கப்பட்டது, ஏன் ரசீது இல்லை என்று கேட்டு, ஆவண நகல்களோடு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால்: ஸ்டேஷன் மாநகர எல்லையில் இருந்தால் கமிஷனருக்கு, இல்லையென்றால் மாவட்ட எஸ்.பி.க்கு. இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, என்ன வழக்கு ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள்.

கைப்பற்றியதாகக் காட்டியிருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வண்டியை விடுவிக்கக் கேட்டு பி.என்.எஸ்.எஸ். 503-ன்கீழ் மனு போடலாம். வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் மாதக்கணக்கில் துருப்பிடிக்க விடக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எடுக்கப் போகும்போது கண்ணாடி, பேட்டரி, டயர் எல்லாம் சரிபார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் கொடுக்க வேண்டாம்.