ஜாதிக்காய்த் தீவின் மைதானம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கிரனடா தீவின் மக்கள்தொகையே ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அங்கே 20,000 பேர் உட்காரும் கிரிக்கெட் ஸ்டேடியம் எதற்கு? வீண்செலவு இல்லையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கணக்காகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சென்னை மாநகராட்சியை விடச் சிறிய நாடு அது. ஆனால் வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடு கிடையாது, கிரனடா உட்படப் பல கரீபியன் தீவுகள் சேர்ந்த அணி என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த அணிக்குத் தங்கள் ஊர்ப் பையன் ஆட வேண்டும், தங்கள் ஊரிலும் ஒரு டெஸ்ட் நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு தீவும் ஏங்கும். மைதானம் இல்லையென்றால் பக்கத்துத் தீவில் நடப்பதை டி.வி.யில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். என்னைக் கேட்டால் இது வீண்செலவே இல்லை.

கேள்வி: அந்த ஸ்டேடியத்தைச் சீனா கட்டிக்கொடுத்தது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: உண்மைதான், ஆனால் கதையைப் புயலிலிருந்து சொல்ல வேண்டும். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் உள்ள இந்த மைதானத்தில் முதல் டெஸ்ட் 2002இல் நடந்தது, நியூசிலாந்துக்கு எதிராக வெஸ்ட் இண்டீஸின் கிறிஸ் கெய்ல் 204 அடித்தார். அடுத்த இரண்டே வருடத்தில், 2004 செப்டம்பர் 7 அன்று, ஐவன் புயல். தீவில் பத்தில் ஒன்பது வீடுகள் சேதம், 39 பேர் பலி. நம் வீட்டு மசாலா டப்பாவில் கிடக்கிறதே ஜாதிக்காய், அதை அந்த நாடு கொடியிலேயே வைத்திருக்கிறது, அந்த மரங்களும் வேரோடு சாய்ந்தன. புதிதாக நட்டால் காய்க்கவே ஏழெட்டு வருடம் ஆகும். அந்த நிலைமையில் நொறுங்கிக் கிடந்த ஸ்டேடியத்தை யார் எடுத்துக் கட்டுவது? 2007 உலகக் கோப்பை வேறு வாசலில் நின்றது.

தைவான் தன்னுடைய பகுதி என்பது சீனாவின் வாதம், இரண்டோடும் ஒரே நேரத்தில் உறவு வைக்க அது விடாது. 2005 ஜனவரியில் கிரனடா தைவானுடனான உறவை விட்டுச் சீனாவுடன் கை கோர்த்தது. சீனா பணமும் தந்தது, நூற்றுக்கணக்கில் தொழிலாளர்களையும் அனுப்பியது, வேலை முடிந்தது. 2007 பிப்ரவரியில் திறப்பு விழா. சீனத் தூதர் வந்திருக்கிறார், கட்டிய தொழிலாளர்கள் நிற்கிறார்கள், போலீஸ் பேண்டு சீன தேசிய கீதத்தை வாசிக்க வேண்டும். வாசித்ததோ தைவானின் கீதம்! பிரதமர் கீத் மிட்செல் வருத்தம் தெரிவித்து விசாரணைக்கு உத்தரவிட்டார். எனக்கு அந்தத் தொழிலாளர்களை நினைத்துத்தான் மனசு கஷ்டப்படுகிறது, வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்து கட்டி முடித்தவர்கள் காதில் அன்றைக்கு விழுந்தது அந்தப் பாட்டு.

அந்த உலகக் கோப்பையில் இலங்கை அங்கே ஆஸ்திரேலியாவுடன் ஆடியது. ஆனால் முரளிதரனுக்கு அன்று ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: அங்கே நடந்த மறக்க முடியாத மேட்ச் எது? (வாசகர், ஈரோடு)

பதில்: 2019 பிப்ரவரி 27, வெஸ்ட் இண்டீஸும் இங்கிலாந்தும் ஆடிய ஒருநாள் மேட்ச், சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்து 418 அடித்தது, பட்லர் மட்டும் 77 பந்தில் 150. போச்சு என்று நினைத்தால் கெய்ல் 97 பந்தில் 162 அடித்துத் துரத்துகிறார், இரு அணிகளும் சேர்ந்து 46 சிக்ஸர்கள், கடைசியில் 48ஆவது ஓவரில் இங்கிலாந்தின் அடில் ரஷீத் ஐந்து பந்தில் நான்கு விக்கெட் எடுக்க, 389இல் முடிந்தது. வெஸ்ட் இண்டீஸ் தோற்றதுதான், ஆனால் இப்படி ஒரு நாளை அந்த ஊர் மக்கள் கேலரியில் உட்கார்ந்து பார்த்தார்களே!

கேள்வி: கிரிக்கெட் தவிர வேறு எதுவும் நடக்குமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: நடக்கும். பக்கத்திலேயே தடகள ஸ்டேடியம் இருக்கிறது, பெயர் கிரானி ஜேம்ஸ். குயாவ் என்ற மீனவ ஊர்ப் பிள்ளை அவர், 2012 லண்டனில் 400 மீட்டரை 43.94 வினாடியில் ஓடி நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுவந்தார். கரீபியன் தீவுகளின் இளையோர் ஓடும் கரிஃப்டா போட்டிகள் 2016இலும் 2024இலும் அங்கேதான் நடந்தன. அப்புறம், 2022 உலகப் போட்டியில் நம் நீரஜ் சோப்ராவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கிய ஆண்டர்சன் பீட்டர்ஸும் இந்தக் குட்டித் தீவுக்காரர்தான்.