மகன் இஸ்லாமிய வங்கித்துறை படிக்கலாமா?

தெமட்டகொடையிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

ஏ.எல். வர்த்தகப் பிரிவு முடித்த மகன் இஸ்லாமிய வங்கித்துறைக்குப் போகிறேன் என்கிறார். அரபு தெரியாது, மௌலவியும் இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். அந்தத் தகுதி, வங்கிக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஷரீஆ சபையில் உட்காரத்தான் தேவை. வங்கிக்குள் உள்ள வேலையில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: இந்தப் பொருள் இந்தத் திகதியில் யாருக்குச் சொந்தம்?

முராபஹா எனும் இலாப விற்பனை முறையைப் பாருங்கள். புறக்கோட்டைத் துணி வியாபாரிக்கு 10 இலட்சம் ரூபாய்ச் சரக்கு வேண்டும். வங்கி காசு கொடுக்காது. சரக்கை வாங்கி, இலாபத்தை வெளியே சொல்லி, 11 இலட்சத்து 20 ஆயிரத்துக்குத் தவணையில் விற்கும். முதலில் ‘வாங்குவேன்’ என்று வியாபாரி தரும் வாக்குறுதி, அடுத்து வங்கியின் கொள்முதல், பிறகு கப்ழ் எனும் கைவசமாதல், கடைசியில்தான் விற்பனை. பல நேரம் வங்கியின் முகவராக வியாபாரியே போய் வாங்குவார். பிழை நுழைவது அங்கேதான். விற்பனை ஒப்பந்தம் 3ஆம் திகதி, வங்கிக்காகச் சரக்கு வாங்கிய பில் 5ஆம் திகதி என்றால், வங்கி தன்னிடம் இல்லாததை விற்றுவிட்டது. வியாபாரி தனக்காக முன்பே வாங்கி முடித்த சரக்கு என்றால் இன்னும் மோசம்: அது வட்டிக் கடனேதான். அந்த இலாபம் வருமானத்தில் சேராது, தர்மத்துக்குப் போகும். இதைக் கோப்பில் கண்டுபிடிப்பவர் ஷரீஆ உள்ளகக் கணக்காய்வாளர். நல்ல கணக்குப் பிள்ளைக்கு ஏற்ற வேலை.

இஜாரா எனும் வாடகை முறையில் பொருள் வங்கியுடையது, பயன் மட்டும் வாடிக்கையாளருக்கு. த்ரீவீலரின் ஒயில், டயர் அவர் பொறுப்பு. பெரிய பழுதும் தகாஃபுல் எனும் இஸ்லாமியக் காப்புறுதியும் உரிமையாளரான வங்கியின் பொறுப்பு. வாகனம் கைக்கு வருமுன் வாடகை ஓடக்கூடாது. அவர் தவறின்றி அழிந்துபோனால் வாடகை நிற்கும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பெனியை ‘அப்சலூட் ஓனர்’ என்று பார்த்திருப்பீர்கள். பெயர் அங்கே, சுமை முழுதும் வாடிக்கையாளர் தலையில் என்றால், ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டம் அதை இஜாராவாக ஏற்காது.

படிப்புக்கு வருவோம். முதலில் ஏ.ஏ.டி. அல்லது சீ.ஏ. கணக்கியல் படிப்பைத் தொடங்கட்டும். இலங்கையில் முழுமையான இஸ்லாமிய வர்த்தக வங்கி 2011இல் தொடங்கிய அமானா ஒன்றுதான். மற்றவை வழமையான வங்கிகளிலும் நிதிக் கம்பெனிகளிலும் உள்ள தனிப் பிரிவுகள். இடங்கள் குறைவு; அங்கே வேலை கிடைக்காவிட்டாலும் கணக்கியல் கைவிடாது. பிறகு இஸ்லாமிய நிதிக்கு நியமங்கள் வகுக்கும் பஹ்ரைன் அமைப்பான அயோஃபியின் ஷரீஆ நியமங்களில் 8 (முராபஹா), 9 (இஜாரா), 18 (கப்ழ்) மூன்றையும் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். ஒப்பந்தங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஷரீஆ ஆலோசகர், கணக்காய்வாளருக்கான அயோஃபியின் சீ.எஸ்.ஏ.ஏ. பரீட்சை அதற்கப்புறம்.

சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: மாதிரி முராபஹா கோப்பு ஒன்றைக் கொடுத்துத் திகதிகளைச் சரிபார்க்கப் பழக்குவார்களா? அரபுச் சொற்பட்டியல் மட்டும்தான் என்றால் அந்தக் காசை ஆங்கில வகுப்புக்குக் கொடுங்கள்.